புளி நிறத்தில் ஒரு புத்தகம்

அஞ்சாம் வகுப்பில் என்னோடு தரையில் உட்கார்ந்து படித்தவர்களே, தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டவர்களே, இன்னும் விட மனம் வராதவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நம் வாட்ஸப் குழுவில் காலை வணக்கத்துக்கும் ரோஜாப்பூ படத்துக்கும் பதில் போடாத ஒரே ஆள் நான்தான் என்று உங்களுக்கு வருத்தம் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்று நீளமாக எழுதுகிறேன். மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்யப்போகிற காரியம் ஒன்றைத் தடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பழைய வகுப்பறையை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் பீங்கான் ஓட்டுப் படத்தை மட்டும் பத்திரமாகப் பெயர்த்தெடுத்துப் புதுச் சுவரில் பதிப்பது என்று முடிவெடுத்தீர்கள். அதற்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கித் தரலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். படத்தின் நடுவில் இருக்கிற திறந்த புத்தகத்தின் இரண்டு ஓடுகள் சூளையில் கருகிப்போனவை என்றும், அவற்றை எடுத்துவிட்டு நம் எல்லோர் பெயரையும் பொறித்த கிரானைட்டை அங்கே பதிக்கலாம் என்றும் மங்கலம்பேட்டையில் கடை வைத்திருக்கும் நண்பர் எழுதினார். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. வேப்பூரில் ஓட்டல் நடத்துகிறவர், "பசங்க அதுல சாக்பீஸால கிறுக்கி வெச்சிருக்கானுங்க, முன்னால ஒரு கண்ணாடி போட்டுடுங்க" என்று குரல் பதிவு அனுப்பினார். பின்னாலிருந்து கொத்து பரோட்டா போடுகிற சத்தமும் வந்தது.

அந்த இரண்டு ஓடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதிப் பாதி எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதை வாயில் போட்டு அடக்கி வைத்திருந்தேன்.

அந்தப் படம் வருவதற்கு முன்னால் நம் வகுப்புச் சுவரில் என்னென்ன இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? தேதித்தாள் எல்லாம் கிழித்து முடித்த பழைய காலண்டரில் ஒரு சரஸ்வதி. கயிற்றில் சுருட்டிக் கட்டிய துணி வரைபடம், அவிழ்த்தால் நாலைந்து பல்லிமுட்டை விழும். அப்புறம் டிராயிங் சார் காகித அட்டையில் வரைந்த "கல்வி" படம். ஒரு மலை, மலைக்குப் படிக்கட்டு, உச்சியில் சூரியன். அடியில் அரை டிராயர் போட்ட ஒரு பையன் பையோடு நிற்பான். ஒரு ஓரத்தில் குத்துவிளக்கு, இன்னொரு ஓரத்தில் தாமரைக் குளத்தில் அன்னம், நடுவில் திறந்த புத்தகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் உண்டு என்று டிராயிங் சார் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்வார். விளக்கு அறிவு. படிக்கட்டு முயற்சி. அன்னம் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது. நாம் பார்த்ததெல்லாம் மணிமுத்தாற்றில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு மட்டும்தான் என்றாலும் தலையாட்டுவோம்.

அந்த மழைக்காலத்தில் படத்தைச் செல் அரித்தது. மலையில் பாதியும் சூரியனும் போய்விட்டன. பையன் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் பெரிய சாருக்கு, நம் தலைமை ஆசிரியரைச் சொல்கிறேன், யோசனை வந்தது. "பீங்கான் ஊர்ல இருந்துக்கிட்டு காகிதத்துல எதுக்குய்யா படம்? ஓட்டுல பண்ணா நூறு வருஷம் நிக்கும்." நம் ஊரில் துவைத்துக் காயப்போட்ட பாவாடையில்கூட வெள்ளை மண் தூசி ஒட்டியிருந்த காலம் அது. யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது.

வேலை என் பக்கத்தில் உட்காரும் தோழியின் அம்மாவுக்குப் போனது. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு முகம் எழுதுகிற வேலை அவருக்கு. காலையிலிருந்து சாயங்காலம்வரை கண், புருவம், உதடு. பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவர். ஆனால் ஒரு மயிரிழைத் தூரிகையை ஒரே இழுப்பு இழுத்தால் பொம்மை நம்மைத் திரும்பிப் பார்க்கும். அவரைப்போல ஒரு கையை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

பள்ளி விட்டதும் நானும் தோழியும் நேரே கம்பெனியில் அத்தை வேலை செய்யும் கொட்டகைக்குத்தான் போவோம். ஈர மண்ணின் வாசம், சூளைப் பக்கமிருந்து வரும் அனல், வரிசையாக அடுக்கிய தலைப்பாகைப் பொம்மைகள். டிராயிங் சார் வரைபடத்தோடு வந்து நின்றபோது நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"அன்னம்னா எப்படிங்க சார் இருக்கும்?"

டிராயிங் சாரும் பார்த்ததில்லை. "வாத்துக்குக் கழுத்து நீளமா இருந்தா அன்னம்மா."

"பாலையும் தண்ணியையும் பிரிக்கும்னு சொல்றாங்களே."

"ஆமா."

"அப்ப மூக்கைக் கொஞ்சம் கூரா வெச்சிடறேங்க" என்றார் அத்தை.

மொத்தம் இருபத்துநாலு ஓடுகள். நடுவில் புத்தகம் வரவேண்டிய இரண்டைத் தவிர மற்றவற்றில் வண்ணம் தீட்டி முடித்த அன்று பெரிய சார் வந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "வானம் ஏம்மா ரோஸ்ல இருக்குது?"

"அது நீலங்க சார்."

"நான் என்ன குருடனா?"

"சூளைக்குள்ள போயிட்டு வந்தா நீலமாயிடுங்க. தாமரை இலை இப்ப கறுப்பா இருக்குது, அது பச்சையாயிடும்."

பெரிய சார் நம்பவில்லை. சூளை மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். மறுநாளிலிருந்து அவரே சூளை நிபுணர் ஆகிவிட்டார். அஞ்சாம் வகுப்பில் தொடங்கி ஒண்ணாம் வகுப்புவரை போய், ரோஸ் எப்படி நீலமாகும் என்று விளக்கினார். அந்த அரைகுறை அறிவுதான் பின்னால் வினையாக வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அத்தை தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு, உடைந்த ஓட்டுக் குவியலிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார். ஒன்று பளபளவென்று மெருகு ஏறியது. இன்னொன்று பழைய புளி நிறத்தில், மெருகே இல்லாமல் சொரசொரப்பாக இருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை அவிழ்த்துத் தோழியிடம் கொடுத்தார். "ரெண்டுலயும் எழுதிப் பாரு."

பளபளப்பான ஓட்டில் சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போனது. புளி நிற ஓட்டில் எழுத்து பளிச்சென்று விழுந்தது. ஈரத்துணியால் துடைத்தார், போய்விட்டது. மறுபடி எழுதச் சொன்னார்.

"படத்துல இருக்கற புத்தகத்தை இந்த மண்ணுலதான் பண்ணப்போறேன்" என்றார். "வெள்ளை சாக்பீஸு தெரியணுமில்ல, அதான் காவி கலந்திருக்கேன். மேல மெருகு புடிக்காம மெழுகு தடவிடுவேன். புத்தகத்தைத் தொறந்து வெச்சிட்டு, புள்ளைங்களைத் தொடாதேன்னு சொன்னா அது இன்னாத்துக்கு?"

அந்த வார்த்தையின் எடை எனக்கு அன்று தெரியவில்லை. அன்னத்துக்கும் விளக்கிற்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்த படித்தவர்கள் யாருக்கும் தோன்றாதது, எழுத்தே தெரியாத அந்த மனுஷிக்குத் தோன்றியிருக்கிறது. இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அத்தைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. தோழியின் அப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுபவர். அஞ்சாவதோடு மகளை நிறுத்திவிட்டு, பொம்மைக்கு முகம் எழுத அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். முரடர் இல்லை. மகள் ஒரு எழுத்து எழுதி அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவருக்கும் படிப்பு கிடையாது. ஆலையில் கையெழுத்துப் போடுவதற்காகத் தன் பெயரை மட்டும் பழகி வைத்திருந்தார்.

"படத்தைத் தொறக்கற அன்னைக்கு உங்கப்பாவைக் கூட்டியாருவேன்" என்று அத்தை மகளிடம் சொன்னார். "நீ போயி அந்தப் புத்தகத்துல எழுதணும். முதல்ல உங்கப்பா பேரு. அந்த ஒண்ணு அவருக்கு அடையாளம் தெரியும். அதுக்குக் கீழ உன் பேரு. அவரு பாக்கட்டும், அப்புறம் ஆறாவது அனுப்பமாட்டேன்னு எப்படிச் சொல்றாருன்னு பாப்போம்."

எங்கள் இருவர் உள்ளங்கையிலும் அடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். சூளை வாயை அடைத்துவிட்டால், திறக்கிறவரை உள்ளே இருப்பதைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்பது அந்தக் கொட்டகைப் பெண்களின் வழக்கம். அதேபோல நாங்களும் வாயைத் திறக்கக்கூடாது. பெரிய சாரிடம் முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்பார் என்று அவருக்குப் பயம். அன்றிலிருந்து தோழி மணிமுத்தாற்று மணலில் விரலால் அப்பா பெயரை எழுதி எழுதிப் பழகினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவேன்.

படம் வந்தது. வானம் நீலமாகி இருந்தது. படியேறும் பையனுக்கு அத்தை பழக்கதோஷத்தில் பொம்மைக் கண் எழுதிவிட்டதால் அவன் மை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். கரும்பலகைக்கு மேலே உயரத்தில் பதிக்கவேண்டும் என்றார் பெரிய சார். "கனம் அதிகங்க, மேல வெச்சா புள்ளைங்க தலையில வுழுந்துரும்" என்று அத்தை சொல்ல, நம் நெஞ்சு உயரத்துக்கு இறக்கிப் பதித்தார் கொத்தனார். அத்தை அன்று சொன்ன பொய் அது ஒன்றுதான்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், நாம் எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, பெரிய சார் படத்தைச் சாவகாசமாகப் பார்த்திருக்கிறார். நிபுணர் ஆயிற்றே. புத்தகம் கறுத்திருக்கிறது, மெருகும் ஏறவில்லை, சரி, இந்த இரண்டு ஓடும் சூளையில் கருகிவிட்டன என்று முடிவுகட்டிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்து, இரண்டு பக்கத்துக்கும் வெள்ளை எனாமல் அடித்து, ஒன்றில் கல்வியைப் பற்றி ஒரு வாசகமும் மற்றதில் விழாவின் விவரமும் சிவப்பில் எழுதவைத்தார்.

மறுநாளை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஷாமியானா போட்டிருந்தது, மைக் கத்தியது, ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது. தோழியின் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தோழியின் கைக்குள் ஒரு முழு சாக்பீஸ் இருந்தது. வியர்வையில் அது நனைந்துபோயிருந்தது. கல்வி அதிகாரி திரையை இழுத்தார். வெள்ளை வெளேரென்று புத்தகம்.

பெரிய சார் மைக்கில் சொன்னார். "படிக்காதவங்க கையில புத்தகத்தைக் குடுத்தா கருகித்தான் வரும். நாங்க அதைச் சரிபண்ணிட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். பக்கத்தில் தோழி சிரிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, அது கருகலைங்க. புள்ளைங்க எழுதறதுக்குன்னுதான் அப்பிடியே வுட்டேன்."

"இப்ப வந்து சொல்றீங்களேம்மா" என்றார் பெரிய சார்.

அதிகாரி தன்மையானவர். "முன்னாடியே யாருகிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"எம்பொண்ணுக்குத் தெரியுங்க."

"உங்க பொண்ணு உங்க பக்கம்தான் பேசும்" என்றார் பெரிய சார்.

அத்தை என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணுக்கும் தெரியுங்க."

அதிகாரி குனிந்து என்னைக் கேட்டார். "உனக்குத் தெரியுமா பாப்பா?"

பெரிய சாரின் கண் என்மேல் இருந்தது. நான் வகுப்புத் தலைவி, அவருக்குப் பிடித்த மாணவி. ஷாமியானா முழுக்க என்னையே பார்த்தது. "தெரியாதுங்க சார்" என்றேன்.

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. "சின்னப் புள்ளைங்க, மறந்திருக்கும்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கேட்டுப் பக்கம் பார்த்தபோது சைக்கிள் இல்லை.

முழுப் பரீட்சைக்குத் தோழி வந்தாள், ஆனால் என் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்ததும் நீங்கள் எல்லோரும் பேனா மையை ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டு ஓடிப்போனீர்கள். நான் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய சார் அறைக்குப் போனேன். அங்கே அத்தை நின்றிருந்தார். மேசைமேல் ஒரு பழைய புடவைத்துணி, அதில் புளி நிறத்தில் இரண்டு ஓடுகள்.

"சூளையில உடைஞ்சா வேணும்னு எதையும் ரெண்டா பண்ணுவோம்ங்க சார். இது அதோட ஜோடி. எழுதிப் பாருங்க."

பெரிய சார் சாக்பீஸை வாங்கி ஒரு கோடு இழுத்தார். அத்தை கொடுத்த ஈரத்துணியால் துடைத்தார். பிறகு ஒரு எழுத்து எழுதினார். துடைத்தார். பிறகு வேகமாக ஒரு வரி முழுக்க எழுதித் துடைத்தார். மின்விசிறிகூட இல்லாத அறை அது. அவர் நெற்றியில் வியர்வை இறங்கியது.

"முன்னாடியே ஏம்மா சொல்லலை?"

"சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களா சார்?"

அவர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "வுட்டிருக்கமாட்டேன்."

அவர்மேல் எனக்கு மரியாதை வந்த நாள் அதுதான். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியும், இல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "புள்ளைய வுடுங்க சார். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் கையடிச்சு வாங்கியிருந்தேன். அது சொன்ன வாக்கைக் காப்பாத்திடுச்சு."

அந்தச் சாக்கை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் பிழைத்தேன். வாக்கைக் காப்பாற்றவில்லை நான். திரை திறந்த பிறகு வாக்கு எங்கே இருக்கிறது? பயந்தேன், அவ்வளவுதான். அது அத்தைக்கும் தெரியும். தெரிந்தே எனக்கு அதைக் கொடுத்தார்.

எனாமல் மெருகில்லாத ஓட்டுக்குள் ஊறிவிட்டது, மண்ணெண்ணெய் போட்டும் வரவில்லை. கொத்தனார் அந்த இரண்டையும் உடைத்தெடுத்து ஜோடி ஓடுகளைப் பதித்தார். மறுநாள் பெரிய சார் பங்குனி வெயிலில் தானே சைக்கிள் மிதித்துப்போய் தோழியின் அப்பாவைக் கூட்டிவந்தார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று தெரியாது. ஷாமியானாவும் மைக்கும் இல்லை. அத்தை, பெரிய சார், டிராயிங் சார், சிமெண்ட்டுக் கையோடு கொத்தனார், ஜன்னலுக்கு வெளியே நான்.

தோழி முதலில் அப்பா பெயரை எழுதினாள். அவர் ஆலையில் போடுகிற அதே எழுத்துகள். பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். கீழே அவள் தன் பெயரை எழுதினாள். "இது நானு" என்றாள். அவர் விரலை நீட்டித் தன் பெயரைத் தொட்டார். விரலில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அதை அவர் வேட்டியில் துடைக்கவில்லை.

"ஆறாவது எப்பங்க சார் தொறக்கறாங்க?" என்று கேட்டார்.

இவ்வளவுதான் உங்களுக்குத் தெரியாத பாதி. நீங்கள் விடுமுறைக்குப் போய்விட்டீர்கள், அப்புறம் வேறு வேறு பள்ளிக்குப் போய்விட்டீர்கள். அத்தை காலமாகிப் பல வருஷம் ஆகிறது. தோழி மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுப் பெண்ணாடத்தில் இருக்கிறாள். நம் குழுவில்தான் இருக்கிறாள், உங்கள் கிரானைட் யோசனைக்கு அவள் கட்டைவிரலும் காட்டவில்லை, ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்குப் போன் செய்தாள். ஆறாம் வகுப்பு முதல் நாள் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், அந்த விழாவைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதுதான் பேசினாள்.

"அன்னைக்கும் உன்னைத்தான் கேட்டாங்க. இன்னிக்கும் நீயே சொல்லு. சாப்புட்டியா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போன வாரம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விளக்கின் மெருகு நூல்நூலாக வெடித்திருக்கிறது. அன்னத்தின் கூரான மூக்கு அப்படியே இருக்கிறது. அவற்றின் மேலெல்லாம் தூசி. புத்தகத்தின்மேல் மட்டும் தூசி கிடையாது. இரண்டு பக்கத்தின் ஓரங்களும் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஏழாம் வாய்ப்பாடு, ஏழஞ்சு முப்பத்தஞ்சுவரை. மறுபக்கத்தில் யாரோ ஒரு வாத்து வரைந்து உள்ளங்கையால் பாதி அழித்திருக்கிறார்கள். நம் வேப்பூர் நண்பர் கிறுக்கல் என்றாரே, அது இதுதான். அந்த வகுப்பறையில் எத்தனையோ படம் தொங்கியது, பிள்ளைகள் தினமும் தொட்டது இதை ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். கிரானைட்டும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். புதுச் சுவரிலும் நெஞ்சு உயரத்துக்கே பதிக்கச் சொல்லுவோம், பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்கு. நம் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்றால் ஆளுக்கொரு சாக்பீஸ் தருகிறேன், எழுதிவிட்டுத் துடைத்துவிட்டு வருவோம். இதெல்லாம் நிஜமா, உனக்குத் தெரியுமா என்று யாராவது கேட்பீர்கள்.

தெரியும். எனக்கு அன்றைக்கே தெரியும்.